இனியன் பள்ளியில் சேருவதற்கு முன்

அன்புள்ள பிரபுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போதுதான் முட்டியைப் பிடித்துக்கொள்கிறார், டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். உனக்குத் தெரிந்த கதைதான்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேன்" என்பாய். உன்னுடைய "பார்க்கிறேன்" எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பழக்கம். எழுதி வைத்தால் இன்னொரு தடவையாவது எடுத்துப் பார்ப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் பேரன் இனியன் விஷயம். இந்த 2026-இல் அவனுக்கு நாலு முடிகிறது. கனடாவில் உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் நாலு முடிகிற வருஷத்து செப்டம்பரில் ஜூனியர் கிண்டர்கார்டன். முழு நாள் பள்ளி, அரசுப் பள்ளியில் கட்டணமும் கிடையாது. பிறந்த சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசி விவரம், உங்கள் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்புக் காகிதங்கள் எல்லாம் கேட்பார்கள். ஆபீஸில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். அப்படிச் செய்யாதே. வித்யா பள்ளிக்கூடத்துக்கே போகட்டும். நீ லீவு போட்டுக் கூடப் போ. அலுவலகத்தில் அவள் பேசட்டும், நீ பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நில்.

அவளுக்குப் பேச வராதா? கல்லூரிப் பட்டிமன்றத்தில் நடுவரையே திணறடித்தவள் அவள். உங்கள் நிச்சயதார்த்தத்தன்று உன் பெரியப்பாவையே ஒரு கேள்வி கேட்டு உட்கார வைத்தாளே, மறந்துவிட்டாயா? அப்படிப்பட்டவள் அந்தக் குடியிருப்பின் லிஃப்ட்டில் யாராவது "ஹலோ" சொன்னால் தரையைப் பார்க்கிறாள். நான் அங்கே இருந்தபோது கவனித்தேன். கவனித்ததை உன்னிடம் சொல்லவில்லை.

பள்ளி திறந்ததும் அங்கே பள்ளிக் குழுவுக்கு ஆள் எடுப்பார்கள். ஒன்டாரியோவில் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி போட்டுவிட்டார்கள். பள்ளி தொடங்கி முப்பது நாளுக்குள் தேர்தல். குழுவில் பெரும்பான்மை பெற்றோராகத்தான் இருக்க வேண்டும், தலைவர் பொறுப்பும் பெற்றோருக்குத்தான். குடியுரிமை கேட்பதில்லை, பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். வித்யா நிற்கட்டும். ஒலிவியா சௌ ஹாங்காங்கில் பிறந்து 13 வயதில் கனடாவுக்கு வந்தவர். 1985-இல் பள்ளி வாரியத்துக்குத் தேர்வாகித்தான் பொது வாழ்க்கைக்கே வந்தார், 2023-இல் டொராண்டோ மேயரும் ஆகிவிட்டார். நம் வித்யா மேயராக வேண்டாம். மாதம் ஒரு சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து மதிய இடைவேளையைப் பற்றிச் சண்டை போட்டால் போதும்.

செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரைக்கும்தான் எனக்குக் கவலை.

அந்த எர்லி ஆன் மையத்துக்கு ஏன் போவதில்லை? நான் இருந்தவரை வாரம் தவறாமல் இனியனைக் கூட்டிப்போனேன். ஆறு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு, ஒன்டாரியோ முழுக்க, ஒரு காசு இல்லாமல். பெற்றவரோ பாட்டி தாத்தாவோ கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வாசலில் பனி பூட்ஸ் வரிசையாக இருக்கும், சின்னதும் பெரியதுமாக. அதில் என் பூட்ஸை இனியன்தான் கண்டுபிடித்துக் கொடுப்பான், எனக்கு எல்லாமே ஒரே மாதிரி கறுப்பாகத் தெரியும். உள்ளே கம்பளத்தில் வட்டமாக உட்கார வைத்துப் பாட்டுச் சொல்வார்கள். புடவை மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நானும் கையைத் தட்டினேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது. அப்புறம் ஒரு சீனத்துப் பாட்டி என்னைவிட சத்தமாகத் தப்புத் தப்பாகப் பாடினாரா, எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

அங்கேதான் அந்த யாழ்ப்பாணத்து அம்மாவைப் பார்த்தேன். உன்னிடம் சொன்னேனே, நீ லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றாய். அவர் கேட்டது இதுதான்: "உங்கட மருமகள் வரேல்லையோ? கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா. எனக்கும் வந்த புதுசில அப்பிடித்தான், சன்னலுக்குள்ளால பார்த்துக்கொண்டே இருப்பன்." நான் வீட்டைப் பற்றி அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை, பிரபு.

பொங்கல் விழாவுக்குப் போகலாம் என்றபோது நீ சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. "அது இலங்கைக்காரங்க நடத்துறதும்மா, நமக்கு யாரையும் தெரியாது." தெரியாதவர்களைத் தெரிந்துகொள்ளத்தானே விழா? 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அப்படி வந்தவர்களும், அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும் உழைத்து எழுப்பிய ஊர்தான் நீ இன்றைக்குத் தமிழில் காய்கறி வாங்கும் ஸ்கார்பரோ. ஜனவரியைத் தமிழ் மரபு மாதம் என்று ஒன்டாரியோ 2014-இல் சட்டம் போட்டது, 2016-இல் கனடா நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டது. யாரோ மனுப் போட்டு, கூட்டம் போட்டு, அலைந்து வாங்கியது. அதன் பலன் உனக்கும் உண்டு. நீயோ தாமரை இலைத் தண்ணீராக இருக்கிறாய். உன் சுபாவம் அது, இருந்துவிட்டுப் போ. வித்யாவையும் ஏன் அப்படி இருக்கச் சொல்கிறாய்?

கோபமாக எழுதிவிட்டேன். அடித்து எழுத மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

உன்னைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது என்றுதான் ஊரில் பேச்சு. நீ வாங்கிய வீட்டின் படத்தை நான் காட்டாத ஆள் இல்லை. பென்ஷன் ஆபீஸ் கிளார்க்குக்குக்கூடக் காட்டினேன், அப்பா என்னைத் திட்டினார். தனியாகப் போய், இரண்டு வேலை பார்த்து, யாரிடமும் கை நீட்டாமல் நின்றவன் நீ. அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் உனக்கு ஆபீஸ் இருக்கிறது, அங்கே நாலு பேர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவளை அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நூலகத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். டொராண்டோவில் நூறு கிளைகள். நூறாவது கிளைதான் ஸ்கார்பரோ சிவிக் சென்டரில் 2015-இல் திறந்தது, நானும் இனியனும் பஸ் பிடித்துப் போவோமே அது. பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அந்தச் சாக்கும் சொல்ல முடியாது. 2022-லிருந்து புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தாலும் அபராதம் கிடையாது. பல கிளைகளில் ஆங்கிலம் பேசிப் பழகவென்றே ஆட்கள் வட்டமாக உட்காருகிறார்கள். பரீட்சை இல்லை, மார்க் இல்லை, தப்பாகப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. சில கிளைகளில் புதிதாக வந்தவர்களுக்கு வழி சொல்லவே பணியாளர்கள் இருக்கிறார்கள். அந்த சிவிக் சென்டர் வாசலில் குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம் போடுகிறார்கள், அதற்கும் கட்டணம் இல்லை. இனியன் சறுக்கட்டும், இவள் ஓரமாக நின்று திட்டட்டும். வீட்டை விட்டு வெளியே நின்றால் சரி.

லிங்க் வகுப்பையும் யோசி. பி.ஆர். உள்ளவர்களுக்கு அரசாங்கச் செலவில் ஆங்கிலம். முதலில் ஒரு மதிப்பீடு செய்து, எந்த நிலையோ அந்த வகுப்பில் போடுவார்கள். சில இடங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு. ஆனால் குடியுரிமை வாங்கிவிட்டால் அந்த வகுப்பு கிடையாது. குடியுரிமைக்கு ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும், உங்களுக்கு அந்தக் கணக்கு முடியப்போகிறது என்று சொன்னாய். அதற்குள் அவள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

குடியுரிமை என்றதும் அப்பா முகம் மாறிவிடுகிறது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை, நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டைதான் வாங்க முடியும் என்பது அவருக்குப் பெரிய துக்கம். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அந்த யாழ்ப்பாணத்து அம்மாவின் கனடா பாஸ்போர்ட்டை நான் பார்த்தேன், அதுவும் நீலந்தான், நம்முடையதும் நீலந்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

எத்தனை தேர்தல் வேலை பார்த்தவள் நான்! முந்தின நாளே பெட்டியோடு போய், ஏதோ ஒரு பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு மை பாட்டிலைத் திறந்தவள். என் பிள்ளைக்கு எந்த ஊரிலும் ஓட்டுப் போட வழியில்லை. இந்த வருஷம் சட்டசபைத் தேர்தலுக்கு நீ நேரில் வந்தால்தான் ஓட்டு, வரமாட்டாய். அக்டோபர் 26-இல் அங்கே மாநகராட்சித் தேர்தல், குடியுரிமை இல்லாததால் அங்கேயும் இல்லை. ஓட்டு இல்லையென்றால் வாயும் இல்லையா? மாநகராட்சியின் குழுக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்துகொண்டு ஐந்து நிமிடம் பேசலாம், பி.ஆர். ஆக இருந்தாலும். உங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் பனியைத் தள்ளிக் குவித்து வைத்துவிடுகிறார்கள், ஸ்ட்ரோலரை ஏற்ற முடியவில்லை என்று வித்யா என்னிடம் புலம்பியிருக்கிறாள். 311 என்கிற மாநகராட்சி எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம், அதிலும் தீரவில்லையென்றால் அந்த ஐந்து நிமிடம் இருக்கிறது. பட்டிமன்றத்தில் அவளுக்கு மூன்று நிமிடந்தான் கொடுப்பார்கள்.

போன வாரம் சம்பந்தி அம்மா பேசினார். "வித்யா உங்ககிட்ட பேசுறாளா?" என்று கேட்டார். பேசுகிறாள் என்று சொல்லிவிட்டேன். நான் எப்போது கூப்பிட்டாலும் வித்யா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்கிறாய். அந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை போலிருக்கிறது.

அம்பத்தூர் சித்தி விஷயத்தில் நாம் எல்லோரும் "அவ சுபாவமே அப்படி" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. குடும்ப டாக்டரைப் பார்க்கும்போது இனியனுக்கு மட்டும் நேரம் வாங்காதே, அவளுக்கும் சேர்த்து வாங்கு. தைராய்டு பார்க்கணும், அம்மா சொன்னாங்க என்று சொல். என் பேரைப் போட்டுக்கொள். யாரிடம் போவது என்று தெரியவில்லையென்றால் 211 என்கிற உதவி எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலும் பேச ஆள் தருவார்கள்.

மறுபடியும் சொல்கிறேன், எர்லி ஆன். இந்த வாரமே. நீயும் ஒரு காலை லீவு போட்டுக் கூடப் போய்க் கம்பளத்தில் உட்கார். முதல் நாள் அவள் தனியாகப் போகமாட்டாள்.

இனியனின் தடுப்பூசி அட்டை நம் பீரோவிலேயே இருந்திருக்கிறது. பள்ளிக்குக் கேட்பார்கள் என்று எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாம் மாத ஊசிக்குப் பக்கத்தில் டாக்டர் கிறுக்கியிருக்கும் தேதி 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை, அப்பாவும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவனைத் தூக்கிப்போனது வித்யாதான். அவளையே எனக்குப் போன் செய்து சொல்லச் சொல். உனக்கே தெரிந்திருந்தாலும் நீ சொல்லாதே.

அன்புடன்,
அம்மா