ஐந்து பவுண்ட் சந்தா: த கிளாஷ் ரசிகர் வட்டத்தின் 2022 ஆண்டறிக்கை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, இழுத்து வரப்பட்ட பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற வருட அறிக்கை ஒன்றரைப் பக்கம். கணினித் திரையில் கூடிக் கதைத்ததைத் தவிர எழுத ஒன்றும் இருக்கவில்லை. இந்த முறை கொஞ்சம் நீளம். றோல்ஸ் ஆறிவிடும் என்று பொருளாளர் கண்ணைக் காட்டுகிறார். ஆறினால் ஆறட்டும்.

கிளாஷ் என்ற லண்டன் பங்க் றொக் குழுவின் ரசிகர்களுக்கு 2022 சும்மா ஒரு வருடம் இல்லை. அவர்களின் 'கொம்பட் றொக்' தட்டு வெளிவந்து 40 வருடம். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் இருந்திருந்தால் ஓகஸ்ட் 21ஆம் திகதி அவருக்கு 70 வயது. அவர் போய் டிசம்பர் 22ஆம் திகதியோடு 20 வருடம். இந்த மூன்றையும் சுற்றித்தான் நிகழ்ச்சிகளைப் போட்டோம். நாங்கள் போடாத சிலவும் நடந்தன, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சந்தா விவகாரம். மண்டப வாடகை கூடிவிட்டது என்பதால், வருடச் சந்தாவை 5 பவுண்டில் இருந்து 10 பவுண்டாக்கும் தீர்மானத்தை மார்ச் கூட்டத்தில் செயற்குழு வைத்தது. எழுதியவன் நான்தான். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் அது நியாயமான தீர்மானம். ஆனால் வெம்பிளியில் இருந்து வரும் மூத்த அண்ணர் ஒருவர் எழும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, 'லண்டன் கோலிங்' என்ன விலைக்கு வித்தது?"

அதோடு தீர்மானம் படுத்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்காக விளக்குகிறேன். 1979இல் 'லண்டன் கோலிங்'கை இரட்டைத் தட்டாகப் போட இசைக் கம்பனி சம்மதிக்கவில்லை. ஒரு தட்டு, அதோடு இலவசமாக ஒரு 12 அங்குலச் சிங்கிள் தரலாம் என்றது. சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த இலவசத் தட்டில் பாட்டுக்கு மேல் பாட்டாக ஏற்றி, கடைசியில் அதை இரண்டாவது முழுத்தட்டாகவே ஆக்கிவிட்டார்கள். கடையில் விலை 5 பவுண்ட் அளவில் நின்றது. அடுத்த வருடம் 'சந்தினிஸ்டா!': மூன்று தட்டு, 36 பாட்டு, 5.99 பவுண்ட். அந்த விலைக்காக, இந்த நாட்டில் விற்கும் முதல் 2 லட்சம் பிரதிகளுக்குத் தங்கள் ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். இதையெல்லாம் அண்ணர் ஒரு தாளும் பார்க்காமல் சொன்னார். பிறகு, "அவங்கள் மூண்டு தட்டை ஆறு பவுண்டுக்குத் தந்தவங்கள். நீங்கள் வருசத்துக்கு நாலு கூட்டமும் ஒரு தேத்தண்ணியும் தந்துபோட்டுப் பத்துக் கேக்கிறியள்" என்று இருந்துவிட்டார். கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சந்தா 5 பவுண்டாகவே தொடர்கிறது. பற்றாக்குறையை எப்படிச் சமாளித்தோம் என்பதைப் பொருளாளர் தன் அறிக்கையில் சொல்வார். நான் சொன்னால் அழுவேன்.

மே 20ஆம் திகதி 'கொம்பட் றொக்' மறுபதிப்பு வந்தது. கூடவே, 'பீப்பிள்ஸ் ஹோல்' என்ற தலைப்பில் அந்தக் காலத்துப் பதிவுகள் சேர்ந்து வந்தன. வைனிலில் மூன்று தட்டு. விலையைப் பார்த்துவிட்டு எங்களில் ஒருவர் மட்டும் வாங்க, மற்றவர்கள் அவர் வீட்டு வரவேற்பறையில் கேட்பது என்று முடிவானது. இதுவும் வெம்பிளி அண்ணரின் கொள்கைக்கு உட்பட்டதுதான்.

அன்றைக்கு நடந்த ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' தொடங்கியது. அந்த முதல் கிற்றார் இழைகளுக்கு நாங்கள் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டோம். கதவடியில் கைபேசியோடு இருந்த, வீட்டுக்காரரின் 14 வயது மகள் நிமிர்ந்து, "அப்பா, இது மாயா அக்காவின்ர பாட்டெல்லோ? ஆர் கொப்பி அடிச்சது?" என்று கேட்டாள். அறையில் ஒரே சிரிப்பு. பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது சரியான கேள்வி. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக இங்கே திரும்பி வந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் தன் தாயின் பெயரான 'கலா' என்று ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதில் வரும் 'பேப்பர் பிளேன்ஸ்' இந்தக் கிற்றாரின் மேல்தான் நிற்கிறது. களவு இல்லை. எழுதியவர்கள் பட்டியலில் கிளாஷ்காரர் நால்வரின் பெயரும் இருக்கிறது. 1982ஆம் ஆண்டுப் பாட்டு, ஆலை மூடிய வட இங்கிலாந்து ஊரில் தொடங்கி, மொழி தெரியாமல் வந்து இறங்கியவனைத் துரத்துகிற இடத்துக்கு வந்து, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளிடம் போகிறது. 25 வருடம் கழித்து அதே இசையை எடுத்து, விசாவையும் காசையும் வைத்துப் பகிடி பண்ணினவர் எங்கள் ஊர்ப்பிள்ளை. குடிவரவு வரிசையில் விடியற்காலையில் நின்ற ஆட்கள் அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். இரண்டு பாட்டையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டோம். தட்டின் மறுபக்கத்தை அன்று போடவே இல்லை.

ஓகஸ்ட் 21, ஞாயிறு. ஸ்ட்ரம்மரின் பிறந்தநாள் நடை. றோயல் ஓக் நிலையத்தில் 10 மணிக்குக் கூடுவது என்று அறிவித்தேன், 10.50க்குப் புறப்பட்டோம். முதலில் வில்ம்கோட் ஹவுஸ் என்ற அடுக்குமாடி. அதன் 18ஆம் மாடியில் கிளாஷின் கிற்றார்காரர் மிக் ஜோன்ஸ் தன் அம்மம்மாவோடு இருந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், மேலே இருந்து என்ன தெரிந்திருக்கும் என்று விளங்கும்: வெஸ்ட்வே என்ற மேம்பாலச் சாலையும் அதன் வெளிச்சமும். முதல் தட்டில் அந்தச் சாலை ஏன் வருகிறது என்று வேறு விளக்கம் தேவையில்லை. பிறகு பாலத்தின் கீழாகவே போர்ட்டபெல்லோ வரை நடந்தோம். 1976 ஓகஸ்டில் நொட்டிங் ஹில் கார்னிவலில் பொலிசுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் மோதல் வெடித்தபோது ஸ்ட்ரம்மரும் பேஸ் வாசித்த போல் சிமொனனும் இந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள். இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு அடுத்த ஞாயிறு கார்னிவல் என்பதால், கடைக்காரர்கள் கண்ணாடிகளுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடை முடிந்தது ஃபிறெஸ்டன் றோட்டில், அந்த பீப்பிள்ஸ் ஹோல் கட்டடத்தடியில். 1977இல் இந்தத் தெருவில் வெறும் வீடுகளில் குடியேறியிருந்தவர்கள், தங்களை எழுப்பிவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பிரித்தானியாவில் இருந்து சுதந்திரம் பிரகடனம் செய்தார்கள். நாட்டின் பெயர் ஃபிறெஸ்டோனியா. தபால் முத்திரை கூட அடித்தார்கள். எல்லோரும் 'பிறாம்லி' என்று ஒரே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரே குடும்பமென்றால் கவுன்சில் ஒன்றாகத்தானே குடியமர்த்த வேண்டும்! இந்தக் 'குடியரசின்' மண்டபத்தில்தான் 1981இல் கிளாஷ் ஒத்திகை பார்த்தார்கள். எங்கள் தலைவர் அந்த இடத்தில் ஒரு சிறு உரை ஆற்றினார். தனிநாடு, பிரகடனம் என்ற சொற்கள் வந்ததும் உரை வேறு எங்கேயோ போய்விட்டது. மழை வந்து காப்பாற்றியது.

செப்டம்பரில் வினாடிவினா. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதில் செயலாளருக்கு ஒரு கடன் இருக்கிறது.

நவம்பரில், லண்டன் வோலில் இருந்த லண்டன் அருங்காட்சியகம் டிசம்பர் 4ஆம் திகதியோடு அந்தக் கட்டடத்தை மூடுகிறது என்பதால் அவசரமாக ஒரு பயணம். அனுமதி இலவசம், எனவே செயற்குழுவில் எதிர்ப்பு இல்லை. நாங்கள் பார்க்கப் போனது ஒரே ஒரு பொருள்: சிமொனனின் பேஸ் கிற்றார். 'லண்டன் கோலிங்' அட்டையில் அவர் குனிந்து நின்று நிலத்தில் அடிக்கிறாரே, அதேதான். கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருந்தது. வெள்ளை உடம்பு வெடித்து, கழுத்து முறிந்து கிடந்தது. படத்தில் அது ஆயுதம் மாதிரி. நேரில் பார்த்தால், அடிபட்ட பிராணியைத் துணியில் வைத்தது மாதிரி இருந்தது. எங்களில் ஒருவர் செருப்பைக் கழற்றப் போனார், மனைவி முறைத்ததால் விட்டுவிட்டார்.

ஏன் உடைத்தார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1979 செப்டம்பரில் நியூயோர்க் பலேடியம் அரங்கில், சனத்தைக் கதிரையை விட்டு எழும்ப விடாமல் காவலாட்கள் தடுத்தார்கள். ஆட முடியாமல் இருத்திவைத்த சனத்தைப் பார்த்து வந்த எரிச்சல் என்று சிமொனனே பிறகு சொல்லியிருக்கிறார். படம் எடுத்த பென்னி ஸ்மித், தன்மேல் பட்டுவிடப் போகிறதென்று பின்வாங்கியபடி எடுத்ததால் படம் தெளிவில்லாமல் இருக்கிறது. வேண்டாம், இது கலங்கல் என்று அவர் சொன்னார். ஸ்ட்ரம்மர்தான் பிடிவாதமாக நின்றார். பிழை என்று ஒதுக்கப்பட இருந்த படம். தொடக்கத்தில் பேஸ் வாசிக்கத் தெரியாததால், கழுத்தில் சுரங்களின் எழுத்துகளைப் பூசி வைத்து வாசித்தவர் இந்தச் சிமொனன். 2011இல் கிரீன்பீஸ் கப்பலில், யாரென்று சொல்லாமல் சமையல் உதவியாளராக ஏறி, கிரீன்லாந்துக் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் ஏறியதற்காக இரண்டு கிழமை சிறையில் இருந்தவரும் இவரே. எங்கள் உணவுக் குழுவினர் கவனிக்க.

இனி, நிரலில் இல்லாதவை. நவம்பர் 11ஆம் திகதி கீத் லெவீன் காலமானார், வயது 65. கிளாஷைத் தொடங்கிய கூட்டத்தில் ஒருவர். முதல் தட்டு வர முன்னரே விலகிவிட்டாலும் அதில் ஒரு பாட்டில் அவர் பெயர் உண்டு. பத்து நாளில், டொக்டர் ஃபீல்குட் குழுவில் கிற்றார் வாசித்த வில்கோ ஜோன்சன். அவரைப் பார்த்துத்தான் ஸ்ட்ரம்மர் டெலிகாஸ்டர் கிற்றார் வாங்கினார். டிசம்பர் 18ஆம் திகதி டெரி ஹோல். 1978இல் கிளாஷின் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னர் மேடையேறிப் பாடிய குழுவின் பையன்களில் ஒருவர், அந்தக் குழுதான் பிறகு த ஸ்பெஷல்ஸ். மூவருக்குமாக இப்போது ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

நன்றி.

டிசம்பர் 22 நினைவுக் கூட்டத்துக்கு 17 பேர் வந்தார்கள். தாதியர், தபால்காரர், ரயில்காரர் என்று நாடே வேலைநிறுத்தத்தில் இருந்த மாதம். எங்கள் அங்கத்தவர் இருவர் நேரே மறியல் வரிசையில் இருந்து குளிரோடு வந்தார்கள். பேச்சு தானாகவே அக்டன் நகர மண்டபத்துக்குப் போனது. 2002 நவம்பர் 15, சம்பளப் போராட்டத்தில் இருந்த தீயணைப்புப் படையினருக்காக ஸ்ட்ரம்மர் அங்கே பாடினார். பார்க்க வந்திருந்த மிக் ஜோன்ஸ் சனத்துக்குள் இருந்து மேடைக்கு ஏறி வந்து கிற்றாரை மாட்டிக்கொண்டார். 1983இல் ஜோன்சைக் குழுவை விட்டு வெளியே அனுப்பியதற்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில் நின்றது அன்றுதான். ஐந்து கிழமையில் ஸ்ட்ரம்மர் போய்விட்டார். யாருக்கும் தெரியாமல் பிறப்பில் இருந்தே இருந்த இருதயக் கோளாறு. வயது 50. அன்று அந்த மண்டபத்தில் இருந்த ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் சொல்லச் சொல்லிக் கேட்போம். இந்த வருடமும், "மிக் ஏறினதை நான் காணேல்லை, ரொய்லட்டிலை நிண்டனான்" என்றே சொன்னார்.

கூட்டங்கள் நான்கும் ஒழுங்காக நடந்தன. ஒலிபெருக்கி ஒன்று பழுது, திருத்தியாயிற்று. தட்டு வாசிக்கும் இயந்திரத்தின் ஊசி யாரிடமோ இருக்கிறது, யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வரும் வருட நிகழ்ச்சிகளைப் புதிய செயற்குழு தீர்மானிக்கும். விக்டோரியா பூங்காவுக்கு ஒரு நடை வைக்கலாம் என்பது என் யோசனை. 1978 ஏப்ரல் 30ஆம் திகதி இனவெறிக்கு எதிராக ட்ரபல்கர் சதுக்கத்தில் இருந்து ஊர்வலமாக வந்த சனத்துக்கு கிளாஷ் பாடிய இடம் அது. அதற்கும் நுழைவுக்கட்டணம் இருக்கவில்லை என்பதை அண்ணருக்கு நினைவூட்டுகிறேன்.

இனி அந்தக் கடன். செப்டம்பர் வினாடிவினாவின் கடைசிக் கேள்வி: 'லண்டன் கோலிங்'கில் எத்தனை பாட்டு? மேசையில் இருந்த பழைய தட்டின் அட்டையைப் பார்த்து விடை 18 என்று எழுதி வைத்திருந்தேன். 14 வயதுப் பிள்ளை 19 என்றாள். 'மாயா அக்கா' பிள்ளைதான். பிழை என்று புள்ளியை வெட்டி, பரிசை வேறு அணிக்குக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது. 'ட்ரெயின் இன் வெய்ன்' கடைசி நேரத்தில் சேர்த்த பாட்டு, அப்போதே அட்டை அச்சாகிவிட்டதால் பட்டியலில் பெயர் இல்லை. தட்டைப் போட்டுக் கேட்டவளுக்குத் தெரிந்தது, அட்டையை வாசித்த செயலாளருக்குத் தெரியவில்லை. 40 வருடமாகக் கேட்கிற பாட்டு.

மற்ற அணி பரிசைத் திருப்பித்தர மறுத்துவிட்டதால், என் சொந்தச் 'சந்தினிஸ்டா!'வைக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று தட்டும் உள்ளே இருக்கின்றன, இரண்டாவதில் சின்னக் கீறல். பிள்ளை, முன்னுக்கு வாங்கோ. பத்தொன்பதுதான்.

செயலாளர்