கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் மகளுக்கு, சாப்பாடு குறித்து

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. ஆனாலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு செம்பனைக் காட்டுப் பக்கம் சைக்கிள் மிதிப்பதை அவர் விடவில்லை. தொலைபேசியில் சொல்லாமல் இதைத் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பேச்சில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய்.

போன வாரம் நீ விட்டுச் சென்ற கால்சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் நான்காக மடித்த ரசீது ஒன்று இருந்தது. பேரங்காடியின் மாடியில் இருக்கும் ஏதோ ஓர் உணவகம். சோறு, பொரித்த கோழி, எலுமிச்சைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து 30 வெள்ளி (ரிங்கிட்). அதன்மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, சேவை வரி 6 விழுக்காடு. ஆக மொத்தம் 34 வெள்ளி 80 காசு. உன்னை வேவு பார்ப்பதாக நினைத்துக்கொள்ளாதே, பாப்பா. இருபது ஆண்டு சாப்பாட்டுக் கடை நடத்தியவள் கையில் ஒரு ரசீது கிடைத்தால் கணக்குப் பார்க்காமல் கீழே வைக்க மனம் வருமா?

கணக்கைக் கேள். கட்டுப்பாட்டு விலையில் உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. ஒரு கிலோவை வடித்தால் என் கையளவுக்கு எட்டுத் தட்டு வரும். அப்படியானால் ஒரு தட்டில் இருக்கும் அரிசியின் விலை 33 காசுக்கு மேல் இல்லை. கடைக்காரர் இரண்டு மடங்கு விலை கொடுத்து இறக்குமதி அரிசி வாங்கினார் என்று வைத்துக்கொண்டாலும் 70 காசைத் தாண்டாது. கோழி, எண்ணெய், எரிவாயு, ஆள் கூலி, அவருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய லாபம் எல்லாவற்றையும் நானே தாராளமாகக் கூட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. மீதி, அந்தக் கட்டடத்தின் வாடகையும் குளிர்சாதனமும் கண்ணாடி விளக்குகளும்தான். மாதத்தில் பன்னிரண்டு முறை அங்கே போனால் 417 வெள்ளி 60 காசு ஆகிறது. மாதக் கடைசியில் அப்பாவிடம் நீ கேட்ட 200 வெள்ளி எங்கே போயிற்று என்பதற்கு வேறு விடை தேட வேண்டியதில்லை.

சிக்கனமாக இரு, வயிற்றைக் கட்டு என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. நன்றாகச் சாப்பிடு. ஆனால் நன்றாகச் சமைக்கும் கடையைத் தேடத் தெரிந்துகொண்டு சாப்பிடு. கோலாலம்பூரில் நல்ல சாப்பாடு மலிவாகக் கிடைப்பதில்லை என்று உன் தோழிகள் சொல்வதாக நீ சொன்னாயே, அவர்கள் பெரிய சாலையை விட்டு இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான் கடை போட்டிருந்தபோது காலை பத்தரை மணிக்கெல்லாம் ரப்பர்ப் பாலை எடை போட்டுவிட்டுத் தோட்டத்து ஆட்கள் வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் லோரி ஓட்டுநர்கள், அதற்கும் பின்னால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார், பள்ளி ஆசிரியர்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரத்தில் ஆறு நாளும் வருபவர்கள். ஒரு நாள் குழம்பில் தண்ணீர் கூடினால் மறுநாள் ஐந்து பேர் குறைவார்கள். நேற்றைய மீனை இன்றைக்குச் சூடாக்கிப் போட்டால் முதல் வாயிலேயே ஒருவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்; ஒன்றும் சொல்லமாட்டார்; அந்தப் பார்வையே போதும். தினமும் வருகிற வாயை ஏமாற்ற முடியாது, பாப்பா. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வந்துபோகிறவரை நம்பி நடக்கும் கடைக்கு அந்தப் பயம் இருக்காது. ஆகவே நீ எந்தப் பகுதிக்குப் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது விளம்பரப் பலகையை அல்ல. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் தினமும் வருகிறவர்களா, சொந்தக் காசில் சாப்பிடுகிறவர்களா என்பதை. காவலாளி, பள்ளிப் பேருந்து ஓட்டுநர், மின்சார வேலைக்காரர்கள், இரவு வேலை முடிந்து வரும் தாதியர் ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் மேசையை நம்பு.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள். 2010 அக்டோபரில் மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் சேர்ந்து லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்த பிறகு அந்த முதன்மைச் சாலை வளைவும் வண்ணமுமாக மாறிப்போனது. அந்தச் சாலைக்கு நம் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தனின் பெயர்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கினாரே, அந்தத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர் அவர். பெருமைக்காக அந்தச் சாலையில் ஒருமுறை நட. சாப்பிடுவதற்குப் பின்பக்கச் சந்துகளுக்குப் போ. அது ரயில்வே ஊழியர்கள் குடியிருந்து வளர்ந்த இடம். அவர்களுக்காகத் தோன்றிய சமையல் பழக்கம் இன்னும் சில சந்துகளில் மிச்சமிருக்கிறது.

அங்கே நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால் கண் தெரியாதவர்கள் பலர் அந்தப் பகுதியில் வேலை செய்கிறார்கள். ஒரு சிறிய கடையில் பெரியவர் ஒருவர் வெள்ளைத் தடியை மேசையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். பரிமாறும் பையன் இலையைப் போட்டு, அவருடைய விரலைப் பிடித்து, "கீரை இங்கே, கத்தரிக்காய் இங்கே, மீன் வலப்பக்கம், முள் இருக்கு" என்று தொட்டுக் காட்டினான். கல்லாவில் அவர் நீட்டிய தாளுக்கு மீதியை ஒவ்வொரு நாணயமாகச் சொல்லிச் சொல்லிக் கையில் வைத்தார்கள். அலங்காரம் பார்க்க முடியாத ஒருவர் வாடிக்கையாக வரும் கடையென்றால் அவரை அங்கே இழுப்பது சுவையும் நேர்மையும்தானே? நான் வேறெதையும் விசாரிக்காமல் அடுத்த மேசையில் உட்கார்ந்துவிட்டேன். ரசத்தில் மிளகு இடித்துப் போட்டிருந்தார்கள்.

உன் அலுவலகம் இருக்கும் மஸ்ஜித் ஜாமெக் பக்கம் இதைவிட வசதி. லெபோ அம்பாங், செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த தெரு. மஸ்ஜித் இந்தியாவின் சந்துகளில் தமிழ் முஸ்லிம்களின் கடைகள். நாசி கண்டார் என்று இப்போது பெரிய பெரிய பலகை வைக்கிறார்களே, அது பினாங்கில் நம்மவர்கள் காவடி போலத் தோளில் கழியை வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு. இன்றைக்கு அதற்குக் கண்ணாடிக் கதவு போட்டதும் விலை ஏறிவிட்டது. சந்துக் கடைகளில் இன்னும் கோழிக் குழம்பும் முட்டையும் முட்டைக்கோசும் வைத்து, எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லி, வயிறு நிறையச் சாப்பிட முடிகிறது. கண் அளவில் விலை போடுகிற கடைகளில் தட்டை எடுத்ததும் நேரே கல்லாவுக்குப் போய் விலை போட்டுக்கொண்டு வந்து உட்கார். சாப்பிட்ட பிறகு கேட்டால் எலும்பை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். உனக்கு ஐந்து வயதிருக்கும்போது, கடைக்குப் பாத்திரம் வாங்க அப்பாவும் நானும் கோலாலம்பூர் போனோம். சுற்றுலாக்காரர்கள் அதிகம் வரும் ஒரு தெருவில், பெயர் வேண்டாம், மீன் தலைக் குழம்பு இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். விலை கேட்க அப்பாவுக்கு வெட்கம். தலை பெரிதாகத்தான் இருந்தது. விலை எடைக்கு என்பதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார்கள். பெரிய அண்டா ஒன்று வாங்க வைத்திருந்த காசில் பாதி அங்கேயே போயிற்று. சின்ன அண்டாவோடு திரும்பி வந்தோம். அந்த அண்டா இன்னும் பின்கட்டில் இருக்கிறது, நீ பார்த்திருப்பாய். விலை எழுதாத இடத்தில் "இது எவ்வளவு?" என்று கேட்க நீ ஒருபோதும் தயங்காதே.

நேரத்தையும் பார்த்துக்கொள். சோற்றோடு வேண்டிய கறிகளை எடுத்துக்கொள்ளும் கலவைச் சோற்றுக் கடைகளில் பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டுக்குள் போனால் சட்டிகள் நிறைந்திருக்கும், மீன் உடைந்திருக்காது. ஒரு மணிக்கு வரிசை. இரண்டரைக்குப் பிறகு அடிச்சட்டிதான். வெள்ளிக்கிழமையில் அரசாங்க அலுவலகங்களுக்கு 12.15 முதல் 2.45 வரை இடைவேளை என்பதால் கூட்டம் முன்கூட்டியே வந்துவிடும். அன்றைக்கு நீ சைவம் என்பதால் தமிழர் கடைகளையே பார். நோன்பு மாதத்தில் மலாய்க்காரர் கடைகள் பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும். மாலை நான்கு மணிக்குமேல் சந்தையாகத் திறக்கும்.

தொலைபேசியில் தேடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ "ரெஸ்டாரண்ட்" என்று தேடினால் விளம்பரத்துக்குச் செலவு செய்யும் கடைகள்தான் முதலில் வரும். சிறு கடைகளையும் சிற்றுண்டிச் சாலைகளையும் குறிக்கும் மலாய்ச் சொற்களான கெராய், வாரோங், காந்தின் என்று போட்டுப் பார். வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கி, பெரிய சாலைக்கு இரண்டு தெரு உள்ளே பார். நட்சத்திரத்தை எண்ணாதே, எழுதியிருப்பதைப் படி. "அருமை, அருமை" என்று நூறு பேர் எழுதுவதைவிட, "புளிக்குழம்பு பன்னிரண்டரைக்கே தீர்ந்துவிட்டது" என்று கோபமாக ஒருவர் எழுதினால் அந்தக் கடைக்கு நான் போவேன். அரசாங்க மருத்துவமனைகளின் சிற்றுண்டிச் சாலைகளையும் மறந்துவிடாதே. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களும் ஊழியர்களும் சாப்பிடுகிற இடம் என்பதால் விலையைக் கண்டபடி ஏற்றமாட்டார்கள். 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிமுகப்படுத்திய 5 வெள்ளி ரஹ்மா மலிவுச் சாப்பாட்டையும் கேட்டுப் பார். பலகையில் எழுதாமல், கேட்டால் மட்டும் கொடுத்த கடைகளை நானே பார்த்திருக்கிறேன். கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

சுத்தத்தில் மட்டும் மலிவைப் பார்க்காதே. சுவரில் மாநகர் மன்றத்தார் கொடுத்த ஏ, பி, சி தரச் சான்றிதழ் இருக்கும், அதைப் பார். அதைவிடவும், மேசை துடைக்கிற துணியையும், ஒவ்வொரு சட்டிக்கும் தனி அகப்பை இருக்கிறதா என்பதையும் பார். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நானும் கையை நீட்டி நின்றவள்தான்.

இப்போது நான் சொல்ல வந்த கடைக்கு வருகிறேன். போன மாதம் உன்னோடு வந்து தங்கியிருந்த ஆறு நாளில், நீ வேலைக்குப் போன பிறகு நான் வீட்டில் சும்மா இருந்தேன் என்றா நினைத்தாய்? உன் அடுக்குமாடிக்குப் பின்பக்கம் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் பத்து நிமிடம் நடந்தால் துத்தநாகக் கூரை போட்ட கடை ஒன்று இருக்கிறது. பலகையில் எழுத்து அழிந்துவிட்டது. ஆறு மேசை. ரயில்வே பட்டறைக் காலத்திலிருந்தே செந்தூலில் இருக்கும் குடும்பம் போலும். அக்கா சமைக்கிறார், அவருடைய கணவர் தேநீர், காப்பி கலக்குகிறார். ஒரு நாளைக்கு நான்கு குழம்புக்கு மேல் இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். நாற்பது வகை எழுதி வைத்திருக்கும் கடையில் முப்பது வகை குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

முதல் நாள் மூலையில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் குழம்பைப் பெரிய சட்டியில் ஒரேயடியாக வைக்காமல் சிறிய மண்சட்டியில் வைக்கிறார். அது பாதிக்கு இறங்கியதும் அடுத்த சட்டிக்குத் தாளிக்கிறார். வெந்தயம் கருகாமல் சிவந்த அந்த நொடியில் கறிவேப்பிலையைப் போட்டு மூடி வைத்தார் பார், நான் எழுந்தே போய்விட்டேன். பேசிப் பார்த்தால் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்த கதையெல்லாம் பேசினோம். சோறு, இரண்டு கறி, மீன் குழம்பு, ரசம், அப்பளம் சேர்த்து 8 வெள்ளி. மறுசோற்றுக்குக் காசு இல்லை. ஐந்து நாள் தொடர்ந்து போனேன். ஒரு நாள்கூட முந்தைய நாள் குழம்பு வரவில்லை. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ அந்த வாரம் முழுக்க இரவு எட்டு மணிக்குத்தான் வந்தாய். அந்தக் கடை மூன்று மணிக்கே மூடிவிடும். சனிக்கிழமை திறந்திருக்கும். தனியாகப் போய் உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். முதல் மேசையில் இரண்டு தாதியர் எப்போதும் இருப்பார்கள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, ரயிலில் சாப்பிடச் சொல்லிக் கருவாட்டுத் தொக்கை எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் கொடுத்தார். நான் அதில் பாதியை உனக்கென்று வேறு கிண்ணத்தில் மாற்றி வைத்துவிட்டு, மீதியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தேன். யார் செய்தது என்று கேட்காமலே சாப்பிட்டிருப்பாய். சம்படம் உன் அடுப்பங்கரையில், அரிசிப் பானைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அதை எடுத்துக்கொண்டு போய், சுங்கை சிப்புட் அம்மாவின் மகள் என்று சொல்லிக் கொடுத்துவிடு. வெறும் சம்படமாகக் கொடுக்காதே. அப்பாவின் நண்பர் மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கும் முறுக்கில் ஒரு பிடி எடுத்து அதில் போட்டுக் கொடு.

அன்புடன்,
அம்மா