படகு போகாத நாளுக்கும் இடம் வை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய அந்தமான் பயண அட்டவணையை உன் அம்மாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். ஐந்து இரவுக்குள் மூன்று தீவு, பாராடாங் குகை, காற்றுக் கலனோடு கடலுக்குள் முக்குளிப்பு, சிறைச்சாலை, ராஸ் தீவு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மணிக்கணக்கு வேறு போட்டிருக்கிறாய். பெங்களூரில் இது செல்லுபடியாகும். அந்தமானில் கடல் சம்மதித்தால்தான் மணிக்கணக்கு. பொதுப்பணித் துறை வேலையில் நான் அங்கே இருந்தபோது நீ போர்ட் பிளேரின் ஹாடோ குடியிருப்பில் தவழ்ந்துகொண்டிருந்தாய். உனக்கு ஒன்றும் நினைவிருக்காது. அந்த உரிமையில் உன் அட்டவணையில் கை வைக்கிறேன். மாப்பிள்ளை தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் மாதத்தை மாற்று. மே கடைசி வாரம் என்று எழுதியிருக்கிறாய். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரவாக்கில், அந்தமான் கடலில் இறங்கிவிடும். அப்புறம் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு கிடையாது. எத்தனை ஆயிரம் கட்டி முன்பதிவு செய்திருந்தாலும் ஜெட்டியில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். வடகிழக்குப் பருவத்திலும் அங்கே மழை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்கு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் நல்ல பிள்ளையாக இருக்கும். முகிலனுக்குத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில் கிளம்புங்கள். வெயில் கடுமைதான், ஆனால் தண்ணீர் தெளிந்து கிடக்கும். மேகத்தைப் பார்ப்பதற்கா இவ்வளவு செலவு?

அடுத்தது வரிசை. முதல் இரண்டு நாள் போர்ட் பிளேர், பிறகு நீல் தீவு, கடைசியாக ஹேவ்லாக் தீவு, கடைசி நாள் காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளைக்கு முக்குளிப்பு, அங்கிருந்து படகில் போர்ட் பிளேர், மதியம் விமானம் என்று போட்டிருக்கிறாய். இதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. படகு ஒருநாள் போகவில்லை என்றால் விமானமும் போயிற்று. அதைவிடப் பெரிய ஆபத்து மாப்பிள்ளையின் உடம்புக்கு. ஆழத்தில் அழுத்தத்தோடு காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து நிற்கும். அது மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், மேலே அழுத்தம் குறைந்து அது குமிழியாகக் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் முக்குளித்த பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள். முக்குளிப்பு நிலையத்தில் இதைக் கேட்பார்கள். அவர் அவசரத்தில் மறைத்துவிடப் போகிறார், நீ பக்கத்தில் இரு.

என் வரிசை இது. ஓர் இரவு கூட்டி ஆறாக்கிக்கொள். முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்றும் ஹேவ்லாக், ஒன்று நீல், கடைசி இரவு மறுபடியும் போர்ட் பிளேர். ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு. திரும்பும்போது ஹேவ்லாக்கிலிருந்து நீல், அங்கிருந்து போர்ட் பிளேர் என்று முக்கோணமாக வந்துவிடலாம். நீல் இரவைக் கையிருப்பாக வைத்துக்கொள். கடல் ஒருநாளைத் தின்றுவிட்டால் நீல் தீவைத்தான் வெட்ட வேண்டும், கடைசி இரவை வெட்டவே கூடாது. அதனால் நீலில் மட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பும் விடுதியாகப் பார்த்துப் பதிவு செய். பதிவு செய்யும்போது பெயர்களைக் கவனி. ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, 2018 டிசம்பரில் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.

ஹேவ்லாக்கில் எங்கே தங்குவது என்பதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே கடற்கரைகளை எண் வைத்துச் சொல்வார்கள். கிழக்குப் பக்கம் மூன்றாம் எண், ஐந்தாம் எண். மேற்கே ஏழாம் எண், அதுதான் எல்லாரும் படம் போடும் ராதாநகர். படகுத்துறையிலிருந்து ராதாநகர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அங்கே தங்குமிடங்கள் குறைவு, இருப்பவை பணக்காரர்களுக்கு. நீ தேர்ந்தெடுத்திருப்பது ஐந்தாம் எண்ணில் ஒரு விடுதி. "குடிலின் படியிலேயே நீலக் கடல்" என்று படத்தையும் அனுப்பியிருக்கிறாய். அந்தப் படத்தை எடுத்தவர் கடல் ஏற்றத்தில் எடுத்திருக்கிறார், கயல்.

சென்னைக் கடற்கரையில் வளர்ந்த கண்ணுக்கு ஏற்றமும் வற்றமும் பெரிதாகத் தெரிவதில்லை. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் ஆளுயரத்துக்கு ஏறி இறங்கும். கிழக்குக் கரை தட்டையான பவளத் தரை. வற்றத்தில் படியிலிருந்து பார்த்தால் தண்ணீர் எங்கோ ஒரு கோடாகத் தெரியும். இடையில் கரும்பாறையும் செத்த பவளத் துண்டுகளுமாகக் கிடக்கும். மீன்பிடிப் படகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் விரல் நீள மீன்கள் அடைபட்டுச் சுற்றும். கறுப்பாக, தடிமனாக அசையாமல் கிடப்பது கடல் அட்டை. நத்தை ஓட்டைச் சுமந்துகொண்டு துறவி நண்டுகள் ஊரும். நம் நிழல் விழுந்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் ஓடாகிவிடும். இதையெல்லாம் பார்ப்பதற்கு முகிலனுக்கு அந்த இடத்தைவிடச் சிறந்தது கிடையாது. நீந்தத்தான் முடியாது. எனவே விடுதியை மாற்ற வேண்டாம். குளிக்க ராதாநகர் போங்கள், காலையில் வாசலில் மீன் பாருங்கள். அவனுக்கு அடி தடித்த ரப்பர் செருப்பு வாங்கு, பவளம் காலைக் கிழித்தால் லேசில் ஆறாது. ஏற்ற வற்ற நேரத்தை விடுதியிலேயே கேட்டு எழுதிக்கொள். நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். நீல் தீவில் இயற்கைப் பாறைப் பாலத்தைப் பார்க்கவும் வற்றத்தில்தான் போக முடியும்.

முடிந்தால் அமாவாசையை ஒட்டித் தேதி பார். நிலவில்லாத இரவில் துடுப்புப் படகில் கூட்டிப் போவார்கள். தண்ணீரைக் கையால் அளைந்தால் நீல ஒளி தெறிக்கும், கடலிலுள்ள நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. எல்லா இரவும் தெரியும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதே.

பாராடாங் குகையை உன் அட்டவணையிலிருந்து அடித்துவிட்டேன். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டி வரிசையில் நிற்க வேண்டும். உங்களோடு வரும் உன் அத்தையின் முழங்கால் அதைத் தாங்காது. முழங்கால் நன்றாக இருந்தாலும் நான் இதையே சொல்வேன். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அவர்கள் சில நூறு பேர்தான். சாலையின் அந்தப் பகுதியை மூடச் சொல்லி 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; இன்னும் காவலோடு வண்டிகள் அணிவகுத்துப் போகின்றன. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வண்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் குகைக்காகவா போகிறார்கள்? கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ஜாரவா யாராவது தென்படுகிறார்களா என்று தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். என் பேரன் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டாம்.

அங்கே சூரியன் நம் ஊரைவிட முன்னதாக அடங்கும். கடிகாரம் நம்முடையது, இடம் வெகு கிழக்கே. ஏப்ரலில் ஐந்தரை மணி சுமாருக்கே அஸ்தமனம். பகல் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து மூன்று மணிக்கு ராதாநகரில் இருங்கள். உயிர்காப்பாளர்கள் நிற்கும் பகுதியில் மட்டும் இறங்கு. முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் அலங்காரம் என்று நினைக்காதே. உப்புநீர் முதலை அந்தத் தீவுகளில் உண்மையாகவே இருக்கிறது. சதுப்புக் காடும் ஓடை முகமும் அதற்குப் பிடித்த இடங்கள். ஹேவ்லாக்கிலேயே உள்ள யானைக் கடற்கரைக்கு நீங்கள் இருவரும் முகிலனும் படகில் போய்வாருங்கள், மேலே நின்றபடியே பவளம் தெரியும். அத்தை அன்று விடுதியில் ஓய்வெடுக்கட்டும், கரையில் படகில் ஏறி இறங்குவது அவர்களுக்குச் சிரமம்.

முகிலன் சட்டைப்பை நிறையச் சிப்பி பொறுக்குவான். ஊருக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டச் சொல். பவளம் ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் உண்டு. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்துப் பிடுங்கிக்கொள்வார்கள், சில நேரம் வழக்கும் வரும். துறவி நண்டு வளர வளரப் பெரிய ஓடு தேடிக் குடிமாறும் கதையை அவனுக்குச் சொன்னால் போதும், அவனே திரும்பப் போட்டுவிடுவான்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லியும் சாம்பாரும் தேடாமலே கிடைக்கும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய வங்காளக் குடும்பங்கள்தான் அதிகம். மீன் குழம்பு அருமையாக வைப்பார்கள். அத்தைக்குச் சைவச் சாப்பாடும் கிடைக்கும், கடுகெண்ணெய் வாசனைதான் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. மீன், தேங்காய், கொஞ்சம் காய்கறி நீங்கலாகப் பெரும்பாலும் எல்லாம் கப்பலில் வர வேண்டும். விலையைப் பார்த்துச் சண்டை போடாதே. ரொக்கம் வைத்துக்கொள். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி போட்ட பிறகு இணையம் எவ்வளவோ தேவலை, ஆனாலும் கைப்பேசியை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதே.

போர்ட் பிளேரின் முதல் மாலையைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்கு. 1906இல் கட்டி முடித்தது. நடுவில் கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள், மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. ஓர் அறையின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். கைதிக்குக் கைதி முகம் தெரியக் கூடாது என்பதற்காக. வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்ததைப்போலவே இங்கும் கைதிகளைச் செக்கில் பூட்டினார்கள். முகிலனுக்கு அறைகளைக் காட்டு, தூக்குமேடைக்கு அவசரமில்லை. ராஸ் தீவைக் கடைசிப் பகலுக்கு வை. இடிந்த ஆங்கிலேயர் மாளிகைகளை ஆலமர வேர்கள் கவ்விக்கொண்டிருக்கும், மான்கள் காலடியில் திரியும். அவனுக்கு அது போதும்.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டுத் தேதியை இந்த வாரமே சொல், ஏப்ரல் டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறும். உன் அம்மா அத்தைக்காகப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் செய்து அனுப்புகிறாளாம். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காதே, சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றிப் பெரிய பெட்டியில் வை. போன தடவை எண்ணெய் கசிந்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை போனது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அன்புடன்,
அப்பா