நங்கூரக் கயிறு கேட்டால் ஏன் கேள்வி கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரு மாதமாக எங்கள் கடையில் நங்கூரக் கயிறு கேட்பவர்களிடம் பையன்கள் விசாரணை நடத்துகிறார்கள். படகு எத்தனை அடி, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் நிறுத்துவீர்கள், அடியில் மணலா சேறா பாரா (கடலடிப் பாறையா), இரவில் கடலில் தங்குவது உண்டா என்று. "கயிறு வாங்கவும் இனி ஞானஸ்நானச் சீட்டு கொண்டுவர வேண்டுமோ?" என்று சின்னத்துறை அண்ணன் ஒருவர் கோபித்துக்கொண்டார். பொழியூரிலிருந்து கேரள எல்லை தாண்டி வருகிற இன்னொருவர் பதில் சொல்லாமல் வெளியே நடந்துவிட்டார். கேட்கச் சொன்னது நான்தான். பையன்கள் மேல் வருத்தம் வேண்டாம்.

காரணம் சென்ற சித்திரையில் நடந்தது. எங்களிடம் பல வருடங்களாகச் சாமான் எடுக்கும் ஒருவர் ஒன்றரைக் கிலோ நீலக் கயிறு வாங்கிப் போனார், பத்து மில்லிமீட்டர் கனம். எடை போட்டோம், பணம் வாங்கினோம், வேறெதுவும் கேட்கவில்லை. அவரும் மருமகனும் ஏழு பாகத்தில் நங்கூரம் போட்டுவிட்டு வள்ளத்திலேயே கண்ணயர்ந்திருக்கிறார்கள். காற்றே இல்லாத இரவு. விழித்தபோது அலை உடையும் சத்தம் பக்கத்தில் கேட்டிருக்கிறது. பதறி இயந்திரத்தை முடுக்கினால், தொய்ந்து மிதந்த நங்கூரக் கயிறே விசிறியில் சுற்றிக்கொண்டது. இருவரும் நீந்திக் கரையேறினார்கள். வள்ளம் அலைத்தடுப்புக் கற்களில் மோதி அடி பிளந்தது.

மூன்றாம் நாள் அந்தக் கயிற்றையும் நங்கூரத்தையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். விசிறி கடித்த ஓர் இடத்தைத் தவிர ஒரு பிரிகூட விடவில்லை. முடிச்சும் அவர் போட்டபடியே இருந்தது. "கயிறு நல்ல கயிறுதான். படகுதான் போய்விட்டது" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அறாத கயிறு எப்படிப் படகைக் கைவிட்டது என்று அன்று முழுக்க யோசித்தேன். தப்பு தராசிலிருந்தே தொடங்குகிறது. நம் பக்கத்தில் கயிற்றைக் கிலோக் கணக்கில்தான் விற்கிறோம். பன்னிரண்டு மில்லிமீட்டர் நைலான் ஒரு கிலோவுக்குச் சுமார் 11 மீட்டர் வரும். அதே கனத்தில் பாலிபுரோப்பிலீன், அதாவது நீலத்திலும் பச்சையிலும் நாம் பார்க்கும் சாதாரணக் கயிறு, கிலோவுக்குச் சுமார் 15 மீட்டர் வரும். அதே கிலோவுக்குக் கூடுதல் நீளம், விலையும் குறைவு. கை தானாகவே நீலத்துக்குப் போகிறது. போதாக்குறைக்கு, நம் ஊரில் பிளாஸ்டிக் கயிறு எதுவானாலும் அதன் பெயர் நைலான் கயிறுதான். துணி காயப்போடும் கொடிகூட நைலான். வாங்குகிறவர் ஒன்றை நினைத்துக் கேட்க, கடைக்காரர் வேறொன்றை வெட்டிக் கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடை வாசலில் இப்போது ஒரு வாளித் தண்ணீர் வைத்திருக்கிறோம். இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, தண்ணீருக்குள் வைத்து விரலால் பிசைந்து காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். நைலான் மெல்லத் தாழும். பாலிபுரோப்பிலீன் எத்தனை முறை அழுத்தினாலும் மேலே வந்து நிற்கும். பாலியெஸ்டரும் தாழும், ஆனால் அது நைலான் அளவுக்கு இழுபடாது. வாளி வைத்த முதல் நாள் நானே எங்கள் சரக்கில் 'நைலான்' என்று சீட்டு ஒட்டியிருந்த ஒரு சுருளைப் போட்டுப் பார்த்தேன். மிதந்தது. அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டேன்.

மிதக்கும் கயிறு நங்கூரத்துக்கு இரண்டு வகையில் ஆகாது. காற்று விழுந்து படகு சற்று நங்கூரத்தின் பக்கம் நகர்ந்தால் கயிறு தொய்ந்து மேலே வந்து கோலம் போடும். நம் விசிறியோ அடுத்தவர் விசிறியோ அதைக் கொத்தும். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் (ஆறு கடலில் சேரும் இடத்தில்) இருட்டில் வந்து போகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, நங்கூரத்தின் தண்டைக் கீழே படுக்க வைக்க வேண்டிய கயிறே அதை மேலே தூக்குகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் இழுபடுதல். கள்ளக்கடல் என்று நாம் சொல்வதற்கு உள்ளூரில் காற்று வேண்டாம். தெற்கே எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் நீண்ட அலை, நாட்கள் கழித்து நம் கரைக்கு வந்து சேருகிறது. வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் மூச்சு வாங்கும். அப்படி ஒரு ஏற்றத்தில் படகு ஒரு மீட்டர் உயர்ந்தால், இழுபடாத குட்டைக் கயிறு அந்த உயரம் முழுவதையும் நங்கூரத்தின்மேல் வெட்டிழுப்பாகப் போடும். பத்து முறை தாங்கும் நங்கூரம் பதினோராம் முறை பிடுங்கிக்கொள்ளும். நைலான் அறுவதற்குள் தன் நீளத்தில் கால் பங்குக்கு மேல் நீளக்கூடியது. அலை தூக்கும்போது அது கொடுக்கும், இறங்கும்போது வாங்கிக்கொள்ளும். எங்கள் அப்பா காலத்துத் தென்னைநார் வடம் இந்த வேலையைத்தான் செய்தது. கதம்பை வாடையோடு கடையில் மலைபோல் கிடக்கும். வலு குறைவு, அதனால் மணிக்கட்டுக் கனத்தில் திரிப்பார்கள். ஆனால் நன்றாக இழுபடும், உப்புத் தண்ணீரில் எளிதில் அழுகாது. பழையவர்கள் அதை வைத்திருந்தது வேறு கிடைக்காததால் மட்டும் அல்ல.

ஒரு எச்சரிக்கை. இழுபட்ட நைலான் அறுந்தால் சவுக்குபோல் திரும்பி வரும். கயிறு விறைத்திருக்கும்போது அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள்.

இனி நீளம். அந்த ஒன்றரைக் கிலோ அவருக்கு 33 மீட்டர் அளவில் கிடைத்திருக்கும். ஏழு பாகம் என்றால் 12.6 மீட்டர். அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் நிற்பதையும் சேர்த்தால் பதின்மூன்றரைக்கு மேல். ஆழத்தைப்போல் இரண்டரை மடங்குகூட இல்லை. நங்கூரம் கிடையாக இழுத்தால்தான் மண்ணைக் கடிக்கும், மேல்நோக்கி இழுத்தால் விட்டுவிடும். மூன்று மடங்கு கயிறு விட்டால், அது விறைத்து நிற்கும்போது தரையோடு இருபது பாகைக்குச் சற்றுக் குறைவான கோணம் வரும். ஐந்து மடங்குக்குப் பன்னிரண்டுக்குள், ஏழு மடங்குக்கு எட்டு. பகலில் ஆள் விழித்திருந்து தூண்டில் போடும்போது மூன்று போதும். தூங்கப் போகிறீர்கள் என்றால் ஐந்துக்குக் குறையாதீர்கள், சங்கிலி இல்லாவிட்டால் ஏழு. கடல் கெட்டால் இருப்பதையெல்லாம் விடுங்கள்.

கணக்குப் போடும்போது வெறும் ஆழத்தைப் பார்க்காமல், அணியத்தின் உயரத்தையும் வேலியேற்றத்தையும் சேர்க்க வேண்டும். நம் கரையில் வேலியேற்றம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் ஐந்தால் பெருக்கினால் அதுவும் ஐந்து மீட்டர் கயிறு. எட்டுப் பாகம் என்றால் பதினான்கரை மீட்டர், இவற்றையும் சேர்த்துப் பதினாறரை, ஐந்து மடங்கு எண்பத்திரண்டு மீட்டர். இதைச் சொன்னால் "கடையை விற்கப் பார்க்கிறீர்களா?" என்று சிரிக்கிறார்கள். சிரியுங்கள். பன்னிரண்டு மில்லிமீட்டர் நைலானில் நூறு மீட்டர் ஒன்பது கிலோ சொச்சம்தான். ஒரு கூடையில் அடங்கும்.

கனத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முப்பதடி வரையுள்ள ஃபைபர் வள்ளத்துக்கு வலுவைப் பார்த்தால் பத்து மில்லிமீட்டர் நைலானே போதும். பன்னிரண்டு சொல்வது கைக்காக. மெல்லிய ஈரக் கயிற்றை விடிகாலையில் இழுத்தால் உள்ளங்கை கிழியும்.

கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் ஐந்து மீட்டராவது துத்தநாகம் பூசிய சங்கிலி போடுங்கள். எட்டு மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்தப் பாரம் தண்டைத் தரையோடு அழுத்தி வைக்கும். கல்லில் உரசுவதும் சங்கிலியே தவிரக் கயிறு அல்ல. பார் உள்ள இடத்தில் நங்கூரம் மாட்டிக்கொள்ளும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. சங்கிலியை நங்கூரத்தின் மேல் வளையத்தில் பூட்டாமல், கொம்புகள் சேரும் அடிப்பக்கத்தில் பூட்டுங்கள். பிறகு தண்டோடு கொண்டுவந்து மேல் வளையத்தில் மெல்லிய சணலால் கட்டிவிடுங்கள். சாதாரண இழுப்பைச் சணல் தாங்கும். மாட்டிக்கொண்டால் நேர்மேலே நின்று பலமாக இழுக்க, சணல் அறுந்து நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். இது பகல் வேலைக்கு மட்டும். தூங்கும் இரவில் சணலை நம்பாதீர்கள்.

முடிச்சு கயிற்றின் வலுவில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தின்றுவிடும். அதனால் நாங்கள் முனையில் இரும்புக் கண் வைத்து, மூன்று பிரிகளையும் பிரித்து, ஐந்து சுற்றுக்குக் குறையாமல் கயிற்றுக்குள்ளேயே கோத்துப் பின்னித் தருகிறோம். ஷேக்கிள் (கயிற்றையும் சங்கிலியையும் இணைக்கும் இரும்பு வளையம்) பூட்டிய பிறகு அதன் ஆணியைக் கம்பியால் கட்ட மறக்க வேண்டாம். அணியத்தின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கிழித்துச் சுற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கயிற்றைத் தலைமாற்றிப் போடுங்கள். வெயிலில் வெளிறி, கையில் தேய்த்தால் பொடி உதிரும் நீலக் கயிற்றை எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று முதல் எங்கள் கடையில் நங்கூரக் கயிறு தராசில் ஏறாது. மீட்டர் கணக்கில்தான். ஐந்து பாகத்துக்கு ஒரு வெள்ளைத் துணியும், பத்துப் பாகத்துக்கு ஒரு சிவப்புத் துணியும் பிரிக்குள் கோத்துத் தருவோம், இருட்டில் கையால் தடவி எண்ணிக்கொள்ளலாம் (சிவப்பில் ஒரு முடிச்சு இருக்கும்). எங்களிடம் கயிறு எடுத்தால் பின்னல் கூலி கிடையாது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நம் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆனால் கடல் மோசமாக இருப்பதும் அந்த இரண்டு மாதம்தான். ஆகவே அதற்கு முன்பே வந்தால் அவசரமில்லாமல் பின்னித் தர முடியும்.

நீலக் கயிறும் கடையில் இருக்கிறது. வலைக்கும் மிதப்புக்கும் அது நல்ல கயிறு, கிலோவுக்கே தருவோம். எதற்கு என்று மட்டும் பையன் கேட்பான். சித்திரையில் படகை இழந்த அந்த வாடிக்கையாளருக்கு நூறு மீட்டர் நைலானும் சங்கிலியும் பூட்டி வைத்திருக்கிறேன். காசு வாங்குவதாக இல்லை. வள்ளத்தின் அடியை ஒட்டி முடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார்.

இப்படிக்கு,
கயிறு, வலைச் சாமான் கடைக்காரர்,
கொல்லங்கோடு.