ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் சின்னச் சின்ன லெகோ பாகங்களைக் கையில் எடுத்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். மாலைகளில் வீடு அமைதியாக இருப்பதால் என் மேசை முழுக்கப் பற்சக்கரங்கள்தான்.

அலமாரியில் நிற்கும் லெகோ லம்போர்கினி சியான் காருக்கு மோட்டார் வைத்து ரிமோட்டில் ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். 2020-இல் வந்த அந்த மாடலில் 3,696 பாகங்கள். எட்டு கியர்கள் கொண்ட கியர்பாக்ஸ், ஏறி இறங்கும் பிஸ்டன்கள், சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு. அத்தனை பற்சக்கரங்களும் சுற்றினால் ஒவ்வொன்றும் உரசலில் கொஞ்சம் விசையைத் தின்றுவிடும். போதாததற்கு வண்டியின் எடை வேறு. கையால் தள்ளி, உள்ளே நடப்பதைப் பார்த்து ரசிப்பதற்காக வடிவமைத்த கார் அது. அப்படியே இருக்கட்டும். ஓட வேண்டிய காரை முதல் பாகத்திலிருந்தே ஓடுவதற்காகத்தான் கட்ட வேண்டும்.

எடை என்ன செய்யும் என்பதற்குப் பெரிய உதாரணம் 2018-இல் லெகோ நிறுவனமே கட்டிய முழு அளவு புகாட்டி சிரோன். இயந்திர மாடல்களுக்கான 'டெக்னிக்' வரிசையின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள், 2,304 மோட்டார்கள், எடை சுமார் 1,500 கிலோ. ஆள் உட்கார்ந்து ஓட்டினார். மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனது. அத்தனை மோட்டார்களும் சேர்ந்து தந்த சக்தி சுமார் 5.3 குதிரைத்திறன்தான் என்று கணக்கிட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் அச்சுகளை வைத்து அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

சரி, ஓடுவதற்காக நீ புதிதாகக் கட்ட வேண்டிய காருக்கு வருவோம். முதலில் சக்கரத்தைத் தேர்ந்தெடு, அளவு தானாக முடிவாகிவிடும். 62.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் உன்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நிஜ ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரம் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர். ஆகவே உன் மாடல் பதினொன்றில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் அகலமுள்ள கார் 18 சென்டிமீட்டராகச் சுருங்கும். லெகோவில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர் என்பதால், அகலத்தில் உனக்குக் கிடைப்பது 22 அல்லது 23 துளைகள். உயரம் சுமார் 13 துளைகள்தான். டிரக் என்றால் இடத்துக்குக் கவலையில்லை. ஸ்போர்ட்ஸ் காரில் மோட்டார், பேட்டரிப் பெட்டி, ஸ்டீயரிங் எல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த நெருக்கடிதான் பிடித்திருக்கிறது.

அடுத்தது வேகம். லெகோவின் 'பவர் ஃபங்ஷன்ஸ்' மோட்டார் வரிசையின் எல் மோட்டார் 9 வோல்ட்டில், சுமையில்லாமல், நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று சுற்றும். அந்த டயர் ஒரு சுற்றுக்கு 19.6 சென்டிமீட்டர் போகும். மோட்டாரை ஒன்றுக்கு ஒன்றாகச் சக்கரத்தோடு இணைத்தால் மணிக்கு 4.6 கிலோமீட்டர், அதாவது நாம் நடக்கும் வேகம். சுமை ஏறினால் இன்னும் குறையும். எக்ஸ்எல் மோட்டார் 220 சுற்றுதான், ஆனால் முறுக்குவிசை எல் மோட்டாரைப் போல இரு மடங்குக்கு மேல். அதில் 20 பல் சக்கரத்தை மாட்டி 12 பல் சக்கரத்தைச் சுற்ற வைத்தால் 366 சுற்று கிடைக்கும், அப்போதும் விசை எல் மோட்டாரைவிடக் கூடுதலாகவே இருக்கும். இடம் இருந்தால் பின்னச்சுக்கு எக்ஸ்எல்தான் என் தேர்வு. இடம் போதாவிட்டால் இரண்டு எல் மோட்டார்களைச் சேர்த்து ஒரே டிஃபரன்ஷியலுக்கு, அதாவது வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதிக்குக் கொடு.

பற்சக்கரங்களைப் பிடித்திருக்கும் சட்டம் அசையாமல் இருக்க வேண்டும், ரகு. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் சாய்வுப் பற்சக்கரம் எதிர்ச்சக்கரத்தைத் தள்ளிவிடப் பார்க்கும். சட்டம் அரை மில்லிமீட்டர் விரிந்தாலும் டக் டக் என்று சத்தம் வரும், பல் தேயத் தொடங்கிவிடும். அச்சை இரண்டு பக்கமும் தாங்கு. டிஃபரன்ஷியலைச் சுற்றி மூடிய சட்டமாகக் கட்டு. நீண்ட அச்சு முறுக்கிக்கொள்ளும், அதனால் மோட்டாரைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வை. பேட்டரிப் பெட்டி நடுவில், தாழ்வாக இருக்கட்டும். ஆறு ஏஏ பேட்டரிகள் மட்டுமே சுமார் 140 கிராம் வரும். காரைப் பிரிக்காமல் அடியிலிருந்தே அவற்றை மாற்றும்படி வழி விடு.

ஸ்டீயரிங்குக்கு, குறிப்பிட்ட கோணத்துக்கு மட்டும் திரும்பும் சர்வோ மோட்டார் போடு. ரிமோட்டிலிருந்து கையை எடுத்ததும் தானே நேராகிவிடும். வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும் என்ற அமைப்புக்கு ரூடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் காப்புரிமை பெற்றார். அப்போது அது குதிரை வண்டிக்கு! 8 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் அந்தக் கோணத்தைச் சரியாகக் கொண்டுவருவது கஷ்டம். இரு முன்சக்கரங்களையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியை ஒரு துளை குறைத்துப் பார், ஓரளவு நெருங்கிவிடலாம்.

ரிமோட்டைப் பொறுத்தவரை, பழைய அகச்சிவப்பு வகை வெயிலில் தடுமாறும், காரும் ரிமோட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். வெளியே ஓட்ட ப்ளூடூத்தே மேல். புவிஸ் (BuWizz) போன்ற வேறு நிறுவனத்து பேட்டரிப் பெட்டிகள் கூடுதல் வோல்ட்டும் தருகின்றன. வேகம் நன்றாகவே ஏறும், ஆனால் அந்த அடியை வாங்குவது உன் பற்சக்கரங்கள்தான். முதல் காருக்கு வேண்டாம்.

பாடியைக் கடைசியில் கட்டு. சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை மட்டும் சில நாள் தரையில் ஓட்டிப் பார், எங்கே தளர்கிறது என்று அதுவே காட்டிவிடும். அப்புறம் நான்கு இணைப்புப் பின்களில் கழற்றும்படி மெல்லிய பாடியை மேலே வை. அழகு முக்கியமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். சக்கர வளைவின் கோடு சரியாக அமைய நானும் மாலைகளைச் செலவழிக்கிறவன்தான். ஆனால் நாம் கட்டிய கார், நம் விரல் அசைந்ததும் வளைந்து திரும்பி வரும்போது கிடைக்கும் சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

உன்னிடம் என்னென்ன மோட்டார், எத்தனை 12 பல், 20 பல் சக்கரங்கள் இருக்கின்றன என்று எண்ணி எழுது. பின்னச்சுச் சட்டத்தை நான் இங்கே கட்டிப் பார்த்து, ஒவ்வொரு அடுக்காகப் படம் எடுத்து அனுப்புகிறேன். முன்பக்கம் உன் பொறுப்பு. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்,
சேகர்