நெய்தலும் கிரேக்கமும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று வாசித்த பிறகுதான் நிம்மதி. இங்கே வெள்ளவத்தையில் மூன்று நாளாக விடாத மழை.

மகள் இந்த முறை உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள். வறணிலத் தாவரம், உவர்நிலத் தாவரம், மேலொட்டி என்று நாம் அந்த நாளில் பாடமாக்கிய அதே சொற்களை அவளும் உருப்போடுகிறாள். ஆங்கிலப் பெயர்களோ எல்லாம் கிரேக்கம். பைட்டன் என்றால் தாவரம். ஸீரோஸ் வறட்சி, ஹால்ஸ் உப்பு, எபி மேலே. இந்த நாலு துண்டும் விளங்கினால் ஸீரோபைட், ஹாலோபைட், எபிபைட் எதையும் உருப்போடத் தேவையில்லை. நமக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லையே என்று இப்பவும் எனக்கு ஆற்றாமைதான்.

போன கிழமை பக்கத்து வீட்டுக்காரர், மாமரத்தில் படர்ந்த பன்னம் மரத்தை உறிஞ்சிவிடும் என்று கத்தியோடு நின்றார். "மாமா, அது மேலே இருக்கிறது மட்டும்தான். உறிஞ்சுவது குருவிச்சை" என்று மகள் சொல்ல, மனுஷன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எபி என்ற ஒரு துண்டுச் சொல் அந்தப் பன்னத்தைக் காப்பாற்றியது மச்சான்!

அப்புறம் ஞாயிறு அவளைக் கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே, இப்படியான சதுப்புகளால்தான். மரப்பாலத்தில் நடக்கும்போது நீலோற்பலத்தின் பேச்சு வந்தது. அதன் விஞ்ஞானப் பெயர் நிம்ஃபேயா. நீரில் வாழும் தேவமகளான நிம்ஃபின் பெயரைக் கிரேக்கர் அந்தப் பூவுக்கு வைத்தார்கள். நம்மவர்கள் அதை நெய்தல் என்றார்கள், அந்தப் பூவின் பெயரையே கடலும் கடல்சார்ந்த நிலமும் முழுவதற்கும் சூட்டினார்கள். ஹாலோபைட் என்றால் செடிக்கு நிலத்தால் பெயர். நெய்தல் என்றால் நிலத்துக்குப் பூவால் பெயர். எனக்கு நம்முடையதுதான் கூடப் பிடிக்கிறது, சங்கப் பாட்டை வாசித்து வளர்ந்தவனுக்கு வேறெப்படி இருக்கும்?

ஆனால் கண்டல் மரத்தின் ரைசோஃபோரா என்ற பெயரில் கிரேக்கம் என்னை வென்றுவிட்டது. வேர் தாங்கி என்று பொருள். உங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் கண்டலை நினைத்துப் பார், வேறென்ன பெயர் வைக்கலாம்? சின்ன வயதில் வெண்கண்டல் இலையை நக்கி "உப்படா" என்று நீ துப்பினாயே, மரம் தனக்கு மிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றுகிறதாம். மகளிடம் சொன்னேன், நம்பவில்லை.

அடுத்த முறை வரும்போது மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரித் தொங்குமே, கீழே விழுந்த கண்டல் காய் ஒன்று எடுத்து வா. வெண்கண்டல் இலையும் இரண்டு.

அன்புடன்,
உன் பழைய மேசைத்தோழன்