டிபன் டப்பாவில் வந்த பிளாக்

அன்புடையீர், வணக்கம்.

வெள்ளத்தால் மின்சாரம் நின்றுபோன அந்த நான்கு நாட்களைப் பற்றிச் சென்னையில் இருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இடுப்பளவு நீரில் டீசல் கேன்களைச் சுமந்து வந்த காவலாளிகள், தம்மிடம் இருந்த உலர்பனியில் பாதியைத் தந்த பக்கத்து ஆய்வகத்தார், எங்கள் ஆய்வகத்தில் திசுக்களைக் காக்கும் உறைபெட்டியின், மைனஸ் 80 டிகிரியில் நிற்க வேண்டிய முள் ஏறுவதைப் பார்த்தபடி இரவெல்லாம் விழித்திருந்த மாணவர்கள், பால் கிடைக்காத அந்த நாட்களிலும் கடுங்காப்பி போட்டுத் தந்த தெருமுனைக் கடைக்காரர் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி.

ஆயினும் இம்மடலை எழுதத் தூண்டியவர் பள்ளிக்கரணையைச் சேர்ந்த ஓர் அம்மா. பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொள்ள அவர் அனுமதித்திருக்கிறார். அவருடைய கணவர் புகைபிடித்ததே இல்லை. நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் நேரும் மாற்றங்கள் இந்நோயை உந்துகின்றன என்பது 2004இல் தெரியவந்தது. அவருக்கும் அதே மரபணுவில், எக்ஸான் 19 என்னும் பகுதியில், சில டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருந்தன. மாத்திரை சில காலம் கேட்டது. பின்பு டி790எம் என்னும் இரண்டாவது மாற்றம் தோன்றி மருந்தைத் தோற்கடித்தது. அது மருந்துக்கு முன்பே சில செல்களில் ஒளிந்திருந்ததா என்பதே எங்கள் கேள்வி. மருந்து தோற்றபின் எடுத்த திசுவை ஏற்கெனவே ஆராய்ந்துவிட்டோம். மருந்துக்கு முன் எடுத்த திசுவோ, வெள்ளத்தின்போது உறைபெட்டியில் கெட்டுப்போனது.

அதைத் தெரிவிக்கத் தயங்கித் தயங்கி அழைத்தபோது, "பிளாக் என்கிட்டதான் இருக்கு சார்" என்றார். மருந்துக்கு முந்தைய அதே திசுவைப் பதித்து மருத்துவமனை திருப்பித் தந்த அந்த மெழுகுக் கட்டியை, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது ரேஷன் அட்டையோடும் கேஸ் புத்தகத்தோடும் டிபன் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றியிருக்கிறார். மூன்று பேருந்து மாறிக் கொண்டுவந்தார். மின்சாரமே தேவைப்படாத அந்தச் சிறு கட்டியைப் பார்த்து, லட்சக்கணக்கில் உறைபெட்டி வாங்கிய எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: இது மகனுக்கும் வருமா? இத்தகைய மாற்றம் பெரும்பாலும் வாழ்நாளில் நுரையீரல் செல் ஒன்றில் நேர்வதே தவிர, தந்தையிடமிருந்து இறங்குவதன்று என்று சொன்னேன். இத்தனை நாள் இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும்தான்.

அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின், டி.என்.ஏ.வில் 'சி' எழுத்தை 'டி'யாகக் காட்டிவிடக்கூடியது. டி790எம் மாற்றமும் அதே சி-டி மாற்றம்தான். ஆகவே அந்தப் பொய்த்தடயத்தை அகற்றும் என்சைமைச் சேர்த்து, இருவர் தனித்தனியே சோதித்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே முடிவை எழுதுவோம். அதை முதலில் அவரிடமே தமிழில் சொல்வோம்.

மிச்சக் கட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மெல்லிய சீவல்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே டப்பாவில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவின் சார்பில் ஒருவர், சென்னை